பனிக்காலம் போன பின்னும் எங்கள் ஓடை உப்பாகவே ஓடுவது ஏன்?

கேள்வி: ஓடைக்கரைவாசி, பால்டிமோர் கவுன்டி, மேரிலாந்து

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் குடியிருக்கும் பகுதியின் பின்புறத்தில், எட்டி வைத்தால் தாண்டிவிடக்கூடிய அகலத்தில், ஒரு சிற்றோடை ஓடுகிறது. அது க்வின்ஸ் ஃபால்ஸ் என்னும் சிற்றாற்றில் சேர்ந்து, பால்டிமோர் நகரத்தின் ஊடாகச் சென்று, படாப்ஸ்கோ ஆற்றின் முகத்துவாரத்தில் கலக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இங்கு வந்தபோது ஓடையின் மறுகரை முழுவதும் மரங்களாக இருந்தது. இன்று அங்கே ஒரு வணிக வளாகமும், அதைச் சுற்றிப் பெரிய வாகன நிறுத்துமிடங்களும், அவற்றை நெடுஞ்சாலையோடு இணைக்கும் அகலமான சாலையும் இருக்கின்றன.

சென்ற டிசம்பரில் ஐசக் வால்டன் லீக் அமைப்பின் ‘சால்ட் வாட்ச்’ திட்டத்தில் சேர்ந்து, உப்பின் ஒரு கூறான குளோரைடை அளக்க அவர்கள் இலவசமாக அனுப்பும் சோதனைப் பட்டைகளைக் கொண்டு ஓடை நீரை அளக்கத் தொடங்கினேன். பட்டையின் அடிநுனியை நீரில் நிறுத்தினால், பழுப்பு நிறத்தின் நடுவே வெண்கோடு ஒன்று மெல்ல மேலேறும். அது நிற்கும் உயரத்திலிருந்து குளோரைடின் அளவைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். கூடவே, நீரில் கரைந்துள்ள உப்புகள் கூடக் கூட ஏறும் மின்கடத்துதிறனை அளக்கும் கையடக்கமான மானி ஒன்றையும் வாங்கினேன். பிப்ரவரியில் பனி பொழிந்து, அதை உருக்கச் சாலைகளில் உப்புக் கொட்டி, மூன்றாம் நாள் வெயிலில் எல்லாம் உருகி ஓடியபோது வெண்கோடு பட்டையின் உச்சியையே தொட்டுவிட்டது. அதில் எனக்கு வியப்பில்லை. கொட்டிய உப்பு எங்காவது போய்ச் சேரத்தானே வேண்டும்?

என்னைக் குழப்புவது கோடைக்கால அளவு. கடைசியாக உப்புப் போட்டது மார்ச் மாதத் தொடக்கத்தில். அதன் பிறகு எத்தனையோ மழை பெய்து, ஓடை சில முறை கரைபுரண்டும் ஓடிவிட்டது. ஆயினும் ஆகஸ்டில், மழையே இல்லாத ஒரு வாரத்தின் முடிவில், கண்ணாடிபோல் தெளிந்து ஓடிய நீரை அளந்தேன். அதே நாளில் ஓரெகன் ரிட்ஜ் பூங்காவின் காட்டு ஓடையில் அளந்ததைவிட எங்கள் ஓடையின் அளவு பல மடங்கு கூடுதலாக இருந்தது. அதைவிட விந்தை, கோடை மழையின்போது அளவு குறைகிறது. மழை நின்று நீர் வற்ற வற்ற மீண்டும் ஏறுகிறது. உப்பு சாலையிலிருந்துதான் வருகிறது என்றால் மழை கழுவிக் கொண்டுவரும்போதல்லவா அளவு கூட வேண்டும்?

கடலின் அலைநீர் ஏறிவரும் எல்லைக்கு எங்கள் ஓடை வெகு மேலே இருக்கிறது. பாறையும் உப்புப் பாறை அன்று. மானியில் பிழை இருக்குமோ என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். இதைப் பற்றி அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: மண்ணும்நீரும்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். மானியில் பிழையில்லை. மழையில் குறைந்து, மழை நின்றதும் ஏறுகிறது என்று எழுதினீர்களே, அதிலேயே விடையின் பாதி இருக்கிறது. மழையில்லாத நாள்களில் ஓடையில் ஓடுவது மேலிருந்து வழிந்து வரும் நீர் அன்று. கரைகளின் அடியிலிருந்து ஊறி வரும் நிலத்தடி நீர். கோடை மழை சாலையிலிருந்து அடித்துக்கொண்டு வருவதோ உப்பில்லாத நீர், ஏனெனில் சாலைப்பரப்பில் இருந்த உப்பு வசந்தகாலத்திலேயே போய்விட்டது. ஆகவே மழை உங்கள் ஓடையை நீர்க்கச் செய்கிறது. மழை ஓய்ந்ததும் ஊற்றின் உண்மையான சுவை தெரிகிறது. உப்பாகிவிட்டது ஊற்றுதான்.

இது எப்படி நேர்கிறது என்று பார்ப்போம். பனி உருகும்போது உப்புநீரின் ஒரு பகுதி மழைநீர் வடிகால் வழியாக நேரே ஓடைக்குப் போகிறது. நீங்கள் பிப்ரவரியில் கண்டது அது. மற்றொரு பகுதி சாலையோரத்து மண்ணிலும், கலப்பை வண்டி தள்ளிக் குவித்த பனிமேட்டின் அடியிலும், ஓரத்துப் பள்ளங்களிலும் இறங்கிவிடுகிறது. நிலத்தடி நீர் மெதுவாக நகர்வது. சாலையோரத்தில் இறங்கிய குளோரைடு ஓடைக்கரையை அடையச் சில மாதங்களும் ஆகலாம், பல ஆண்டுகளும் ஆகலாம். குளோரைடை எந்த நுண்ணுயிரும் உண்பதில்லை, எந்த வேரும் குறிப்பிடத்தக்க அளவில் உறிஞ்சுவதில்லை, மண்ணும் அதைப் பெரிதாகப் பிடித்து வைப்பதில்லை. நீர் போகும் இடமெல்லாம் அது போகும், நீர் போகும் வேகத்தில் போகும். எனவே உங்கள் ஓடையில் இந்த ஆகஸ்டில் நீங்கள் அளந்தது சென்ற பனிக்காலத்தின் உப்பு மட்டுமன்று. பல பனிக்காலங்களின் உப்பு ஒன்றாகக் கலந்து வருகிறது.

நீங்கள் வாழும் இடமே இந்தத் துறையில் பெயர்பெற்ற இடம். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய பால்டிமோர் சூழல் மண்டல ஆய்வு, நகர்மயமான பகுதிகளில் ஓடும் டெட் ரன் போன்ற ஓடைகளையும், புறநகர் ஓடைகளையும், ஒப்பீட்டுக்காக ஓரெகன் ரிட்ஜ் காட்டுக்குள் ஓடும் பாண்ட் பிராஞ்ச் ஓடையையும் தொடர்ந்து அளந்து வந்தது. நீங்கள் ஒப்பிடுவதற்கு அதே பூங்காவைத் தேர்ந்ததைப் படித்து மகிழ்ந்தேன். அந்த அளவீடுகளை நியூயார்க், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களின் அளவீடுகளோடு சேர்த்துச் சுஜய் கௌஷல் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, பனிக்காலத்தில் சில ஓடைகளின் குளோரைடு கடல்நீரில் உள்ளதில் 25 விழுக்காடு வரை எட்டுவதைக் காட்டியது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால், நன்னீர் ஓடை ஒன்றில் அதன் கால்பங்கு என்பது எத்தகைய அளவு என்று புரியும். அதே ஆய்வு, கோடைக்காலத்திலும் இவ்வோடைகளில் காட்டு ஓடைகளைப் போல 100 மடங்கு வரை குளோரைடு நீடிப்பதைக் கண்டது. நீங்கள் எழுப்பிய கேள்வி அன்று அவர்களையும் இழுத்த கேள்விதான்.

அந்த ஆய்வில் என் மனத்தில் நின்றது வேறொன்று. ஓடையின் உப்பு, அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நீர் புகாத பரப்பு எத்தனை விழுக்காடு என்பதோடு சேர்ந்தே ஏறுகிறது. கூரை, தார், சிமென்ட் ஆகியவை பெருகப் பெருக உப்புப் போட வேண்டிய பரப்பும் பெருகுகிறது; அதே வேளையில் உப்பைக் கழுவி நீர்க்கச் செய்ய வேண்டிய நல்ல மழைநீர் மண்ணுக்குள் இறங்க இடமின்றிக் குழாய் வழியே ஓடிவிடுகிறது. உங்கள் மறுகரையில் மரங்கள் போய் வளாகம் வந்தபோது இவ்விரண்டும் ஒருசேர நிகழ்ந்திருக்கும்.

சாலை உப்பு மட்டுமே காரணம் என்று நின்றுவிடக் கூடாது. நகரமே மெல்லக் கரைகிறது. சிமென்டில் உள்ள சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து, கால்சியமும் பைகார்பனேட்டும் ஓடைக்குப் போகின்றன. பனியே பெய்யாத ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும், மணற்பாறைப் பகுதியின் மிகத் தூய ஓடைகள் குடியிருப்புகள் வந்தபின் மின்கடத்துதிறன் ஏறிக் கிடப்பதற்குக் கான்கிரீட் வடிகால்கள் ஒரு காரணம் என்று கண்டிருக்கிறார்கள். விரிசல்விட்ட கழிவுநீர்க் குழாய்களின் கசிவு வேறு சேர்கிறது. ஆகவே உங்கள் மானி காட்டுவதில் ஒரு பங்கு சோடியம் குளோரைடு அன்று. பட்டையோ குளோரைடை மட்டும் காட்டுகிறது. இரண்டையும் வைத்திருப்பது நல்லதாயிற்று.

இனிச் சோடியத்தின் கதை குளோரைடினின்றும் வேறு. களிமண் துகள்களின் எதிர்மின் பரப்பில் கால்சியம், மெக்னீசியம் போன்றவை ஒட்டிக்கொண்டிருக்கும். சோடியம் திரளாக வரும்போது அவற்றைப் பெயர்த்துவிட்டுத் தான் அமர்ந்துகொள்கிறது. பெயர்ந்தவை ஓடைக்குப் போகின்றன. அவற்றோடு மண்ணில் அடங்கிக் கிடந்த உலோகங்களும் கிளம்புகின்றன. உப்பேற்றம், காரத்தன்மை ஏற்றம், உலோகங்கள் பெயர்தல் ஆகிய மூன்றும் கைகோத்து வருவதால்தான் கௌஷல் குழுவினர் 2018-இல் இதை ஒரு தனிச் சிக்கலாகப் பார்க்காமல் ‘நன்னீர் உவராதல் கூட்டுநோய்’ என்ற பொருளில் பெயரிட்டார்கள். அமெரிக்காவின் 232 அளவீட்டு இடங்களின் அரை நூற்றாண்டுப் பதிவுகளை அலசி, நாட்டின் ஆற்று வடிநிலப் பரப்பில் 37 விழுக்காட்டில் உப்பும், 90 விழுக்காட்டில் காரத்தன்மையும் ஏறியிருப்பதைக் கண்டார்கள்.

வளாகத்தின் ஓரத்தில் மழைநீர்த் தேக்கக் குட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வண்டலையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிடித்துக்கொள்ள அது உதவும். உப்பை அது பிடிப்பதில்லை. பனிக்காலம் முழுதும் உப்புநீரைத் தேக்கி, அடியில் உள்ள மண்ணுக்குள் சொட்டுச் சொட்டாக இறக்கிவிடுகிறது. ஓடையைக் காக்க வெட்டிய குட்டையே ஓடைக்குக் கோடையில் உப்பு வழங்கும் இடமாக மாறுவது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

மறுமொழி 2: பனிநாட்டுத் தமிழன், மினியாபொலிஸ்

மேலே நண்பர் விளக்கியது முற்றிலும் சரி. எங்கள் ஊரிலிருந்து ஒரு சான்று சேர்க்கிறேன். மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களின் சாலைகளில் போடப்படும் உப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மிசிசிப்பி ஆற்றின் வழியே வெளியேறாமல் இப்பகுதியின் ஏரிகளிலும் நிலத்தடி நீரிலுமே தங்கிவிடுகிறது என்று மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 19 லிட்டர் நீரை உயிரினங்களுக்கு ஆகாத அளவுக்குக் கொண்டுபோய்விடும் என்பது இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரப்படும் கணக்கு.

ஆகாத அளவு என்றால் எது? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988-இல் குளோரைடுக்கு வகுத்த வரம்பு, தொடர்ந்து நான்கு நாள் சராசரியாக லிட்டருக்கு 230 மில்லிகிராம், ஒரு மணிநேரச் சராசரியாக 860 மில்லிகிராம். உங்கள் பட்டை பிப்ரவரியில் உச்சியைத் தொட்டபோது இரண்டாவது வரம்பை மீறியிருக்கக்கூடும். ஆனால் ஓடையில் வாழும் பூச்சிகளின் இளம்பருவத்துக்கும் தவளை முட்டைகளுக்கும் ஊறு செய்வது அந்த ஒருநாள் உச்சம் மட்டுமன்று. முட்டையிட்டு வளரும் வசந்தத்திலும் கோடையிலும் இறங்காமல் நிற்கும் நடுத்தர அளவும் ஊறு செய்கிறது. அதனால்தான் உங்கள் ஆகஸ்ட் அளவை நான் முதன்மையாகக் கருதுகிறேன்.

யார் போடும் உப்பு என்பதையும் கேட்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறையின் வண்டிகளில் இன்று எடை அளந்து தூவும் கருவிகள் உள்ளன. வாகன நிறுத்துமிடங்களிலும் நடைபாதைகளிலும் போடும் தனியார் ஒப்பந்தக்காரர்களோ, யாரேனும் வழுக்கி விழுந்து வழக்குத் தொடுத்தால் என்ன செய்வது என்னும் அச்சத்தில், தேவைக்கு மேல் கொட்டுகிறார்கள். நானே ஒரு பனிக்காலம் முழுதும் ஒரு கடை வாசலில் கால்படும்போதெல்லாம் நறநறவென்று உப்பை மிதித்து நடந்திருக்கிறேன். அங்கே பனியே இல்லாத நாள்களிலும் அது கிடந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் இந்த முடிச்சை நன்றாக அவிழ்த்தது. பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்கும் உப்புத் தூவுநர்களுக்கும் அவர்களை அமர்த்தும் உரிமையாளர்களுக்கும் வழுக்கி விழும் வழக்குகளிலிருந்து பாதுகாப்பளிக்கும் சட்டத்தை 2013 முதல் நடைமுறைப்படுத்தியது. அச்சம் குறைந்தால் உப்பும் குறையும்.

இன்னொன்று வீட்டுக்குள் இருக்கிறது. கிணற்று நீர் கடினமாக உள்ள ஊர்களில், அந்தக் கடினத்தன்மையைப் போக்கும் வாட்டர் சாஃப்ட்னர் கருவி வைத்திருப்பவர்கள் மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிப் போடுகிறார்கள். அந்தக் குளோரைடு முழுவதும் கழிவுநீரில் சேர்கிறது; கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களோ அதைத் தொடுவதே இல்லை. மினசோட்டாவின் சில சிற்றூர்களில் ஆற்றின் குளோரைடுக்கு இதுவே முதற்காரணம்.

மறுமொழி 3: புதியவன்

உப்புக்குப் பதிலாக மணலோ, பீட்ரூட் சாறோ போடலாம் என்று படித்திருக்கிறேன். கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு ஆகியவை சாதாரண உப்பைவிடத் தீங்கற்றவை என்றும் சொல்கிறார்கள். அவற்றுக்கு மாறினால் சிக்கல் தீர்ந்துவிடாதா?

மறுமொழி 4: பனிநாட்டுத் தமிழன், மினியாபொலிஸ்

தீராது, நண்பரே. நீங்கள் சொன்ன இரண்டு உப்புகளின் பெயரிலேயே குளோரைடு இருக்கிறது. தரைவெப்பம் பூச்சியத்துக்குக் கீழ் 9 பாகை செல்சியஸுக்கும் குறைந்தால் சாதாரண உப்பு கிட்டத்தட்டப் பயனற்றுவிடும். அப்போது அவை வேலை செய்யும் என்பதுதான் அவற்றின் சிறப்பு. மணல் பனியை உருக்காது, பிடிமானம் மட்டும் தரும். பிறகு வடிகாலை அடைத்து ஓடையின் அடியில் படியும். பீட்ரூட் சாறு உப்புநீரோடு கலந்து தூவப்படுவது. அதன் சர்க்கரை ஓடையில் உயிர்வளியைக் குடிக்கும். உண்மையில் பயன் தருவது உப்பின் அளவைக் குறைப்பதே. பனி விழுமுன்பே உப்புக்கரைசலைத் தெளித்துவிட்டால் பனி தரையோடு ஒட்டாமல் கலப்பையில் எளிதாக வந்துவிடுகிறது. கரைசல், உலர் கல்லுப்பைப் போலத் துள்ளிச் சாலைக்கு வெளியே சிதறுவதுமில்லை. முதலில் மண்வெட்டியால் தள்ளுவது, எஞ்சியதற்கு மட்டும் உப்பு என்ற பழைய ஒழுங்கு இன்றும் சிறந்தது.

மறுமொழி 5: நொய்யல்கரை, திருப்பூர்

பனியையே பார்க்காத ஊரிலிருந்து எழுதுகிறேன். ஆயினும் இந்த இழையைப் படிக்கும்போது எங்கள் ஆற்றின் கதையையே படிப்பதுபோல் இருக்கிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல் கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேர்கிறது. திருப்பூர் பின்னலாடை நகரமாக வளர்ந்தபோது சாயப்பட்டறைகள் ஆற்றங்கரைகளில் பெருகின. பருத்தி இழையும் சாயமும் நீருக்குள் ஒரே வகை மின்னேற்றம் கொண்டு ஒன்றையொன்று விலக்குவதால், சாயம் இழையில் ஏற உப்பு வேண்டும். சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ கிலோ கிலோவாகப் போடுவார்கள். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் அவ்வளவும் கழிவோடு வெளியே போகும். நிறத்தைச் சுத்திகரித்து நீக்க முடிந்தது. உப்பை நீக்க முடியவில்லை. ஆற்றில் விடும் கழிவில் கரைந்துள்ள திண்மங்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகி, கீழே உள்ள ஊர்களின் கிணறுகள் உவர்த்துப் போயின. தென்னையும் மஞ்சளும் பட்டுப்போன தோட்டங்களை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். இறுதியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உத்தரவிட்டது. அதன் பிறகே கழிவை ஆர்.ஓ. வழியாகச் செலுத்தி, எஞ்சும் செறிநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, உப்பைத் திரும்ப எடுக்கும் முறை பரவலாயிற்று. அதற்கு ஆகும் எரிபொருளும் செலவும் மிகப் பெரியவை. நீரில் கலந்த உப்பைப் பிரிக்க வேறு மலிவான வழியில்லை என்பதை எங்கள் ஊர் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

ஆலைகளை விட்டுவிட்டாலும், நகரம் வளர்வதே உப்பைக் கூட்டுகிறது. எங்கள் வீடுகளில் நல்ல தண்ணீருக்கு ஒரு குழாய், உப்புத் தண்ணீருக்கு ஒரு குழாய் என்று இரண்டு இருக்கும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர்தான் துவைக்கவும் கழுவவும் குளிக்கவும் போகிறது. சோப்பும் சமையல் உப்பும் சேர்ந்து சாக்கடையில் இறங்குகிறது. வீட்டு ஆர்.ஓ. கருவி உப்பை அழிப்பதில்லை; ஒரு குடம் குடிநீரைக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று குடம் செறிந்த நீரை அதே சாக்கடைக்கு அனுப்புகிறது. மழையில்லா மாதங்களில் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் இந்த நீரே. சகோதரியின் ஊரில் நிலத்தடி நீர் ஆற்றை உப்பாக்குகிறது. இங்கே ஆறும் நிலத்தடி நீரும் ஒன்றையொன்று மாறி மாறி உப்பாக்குகின்றன.

ஓடைக்கரைவாசி

ஒவ்வொருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தேக்கக் குட்டை இருக்கிறது. வளாகத்துக்கும் ஓடைக்கும் நடுவில்தான். ஓடையைப் பாதுகாப்பதற்காக அமைத்தது என்று பலகையும் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு கேள்வி. என் மாமியார் எங்களோடு இருக்கிறார். இரத்த அழுத்தத்துக்காக மருத்துவர் உப்பை மிகவும் குறைக்கச் சொல்லியிருக்கிறார். ஓடைகள் இப்படி ஆனால், குழாயில் வரும் குடிநீரும் மாறியிருக்குமல்லவா?

மறுமொழி 6: மண்ணும்நீரும்

உங்கள் வீட்டுக்கு நகரக் குடிநீர் வருகிறது என்றால் அது க்வின்ஸ் ஃபால்ஸ் நீர் அன்று. லாக் ரேவன், பிரெட்டிபாய், லிபர்டி நீர்த்தேக்கங்களின் நீர். ஆனால் அத்தேக்கங்களைச் சுற்றியும் சாலைகளும் குடியிருப்புகளும் வந்துவிட்டன. அவற்றின் சோடியமும் குளோரைடும் பல பத்தாண்டுகளாக ஏறுமுகத்திலேயே உள்ளன. நாளொன்றுக்கு 500 மில்லிகிராம் சோடியம் மட்டுமே உட்கொள்ள வேண்டிய கடுமையான பத்தியம் உள்ளவர்களுக்காகச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் சோடியம் என்ற அறிவுரை அளவைத் தந்திருக்கிறது. குடிநீர் வழங்குவோர் ஆண்டுதோறும் வெளியிடும் தர அறிக்கையில் சோடியத்தின் அளவைப் பார்த்து, அந்த எண்ணை மருத்துவரிடமே காட்டுங்கள். பெரும்பாலோருக்கு உணவிலிருந்து வரும் உப்பே மிகுதி. நீரின் பங்கு சிறிது. வீட்டில் வாட்டர் சாஃப்ட்னர் இருந்தால், அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருவதால், சமையலறையின் குளிர்நீர்க் குழாய் அதைச் சுற்றிக்கொண்டு தனியாக வருகிறதா என்றும் பாருங்கள்.

குளோரைடு கூடிய நீரில் உடல்நலத்துக்கான பெரிய கவலை குழாய்களைப் பற்றியது. குளோரைடு உலோகத்தை அரிக்கும். மிச்சிகனின் ஃபிளின்ட் நகரம் 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் நீரை விட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறியபோது, அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை; குளோரைடு மிகுந்த அந்நீர் பழைய ஈயக் குழாய்களை அரித்து, ஈயம் பிள்ளைகளின் குருதிவரை சென்றது. அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் எஞ்சின் பாகங்கள் துருப்பிடிப்பதாகக் கூறித் தன் ஆலைக்கு அந்நீரை நிறுத்திக்கொண்டது. எஞ்சினுக்கு ஆகாது என்று தெரிந்த பின்னும் மக்கள் ஓராண்டு அதையே குடித்தார்கள். உங்கள் வீட்டு இணைப்புக் குழாய் எந்த உலோகம் என்பதை அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடைக்கு வருவோம். வரும் செப்டம்பரில் குறைந்தது ஐந்து நாள் மழையில்லாத வேளையில், ஓடையின் போக்கில் குட்டைக்கு முன்னே ஓரிடத்திலும், குட்டைக்கு நேர்கீழே ஓரிடத்திலும், நூறு அடி தள்ளி மற்றோரிடத்திலும், பட்டை, மானி இரண்டையும் கொண்டு ஒரே காலைப்பொழுதில் அளந்து இங்கே எழுதுங்கள். குட்டையில் தேங்கிய நீரையும் ஒரு முறை அளந்துவிடுங்கள். அந்த நான்கு எண்களும் கிடைத்தால், கவுன்டியின் நீர்வளத் துறைக்கு எழுத வேண்டிய கடிதத்தை நாம் சேர்ந்தே எழுதலாம்.